நாகு பிடித்துக்கொண்ட இரண்டு விரல்கள்

காட்டூரிலிருந்து ஒரு பெண் போன மாதம் எங்கள் தோணிரேவுக்கு வந்தாள். விசாரித்துக்கொண்டே வந்து என் குடிசை வாசலில் உட்கார்ந்தாள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை என்னையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. கூரை ஓலை காற்றில் ஆடுவதையே பார்த்தபடி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தது.

"ஒனக்கும் இந்த மாதிரி ஒரு பொண்ணு கீதாமே," என்றாள். "நீ எப்டிம்மா தாங்குனே? கோட்டை ஆஸ்பத்திரில வேற கெடந்தியாம். அப்போ புள்ளய யாரு பாத்துகினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பிள்ளை இறங்கித் தலையைத் தரையில் முட்டத் தொடங்கியது. அவள் அதை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். பதில் வாங்காமலே போய்விட்டாள்.

அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அருளப்பன் என்பவர் நான் சொல்வதைத் தன் ஏட்டுத் தமிழில் எழுதிக்கொள்கிறார். காட்டூர்ப் பக்கம் போகும்போது அவளுக்குப் படித்துக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடச் சொன்னேன். சரி என்றார்.

என் பெயர் அங்கம்மா. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். முட்டி போட்டால் மார்பளவு வரும் நீரில் நகர்ந்துகொண்டே அடிச்சேற்றை இரண்டு கைகளாலும் துழாவ வேண்டும். விரலில் இறால் தட்டினால் அமுக்கிப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போட வேண்டும். என் வீட்டுக்காரர் தோணியில் கடலுக்குப் போகிறவர். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. ஊரார் சொல்வதுபோல நாகுவின் நைனா என்றே சொல்கிறேன். என்னை நாகும்மா என்பார்கள். எங்கள் இருவருக்கும் பேர் கொடுத்த நாகு மட்டும் எங்களை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு இப்போது பத்து வயது. பிறந்தபோது கைகாலெல்லாம் நன்றாக இருந்தாள். இரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் தாயைப் பார்த்துச் சிரிக்கும்போது இவள் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை நகர்த்தினால் மாலைவரை அழுவாள். பேச்சு வரவில்லை. சோற்றில் குழம்பு பட்டால் தொடமாட்டாள். வெறும் சோறும் காய்ந்த இறாலும், அதுவும் ஒரே மண்சட்டியில். கப்பல் வரும்போது கோட்டையில் பீரங்கி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தன் மணிக்கட்டைத் தானே கடித்து ரத்தம் வரவழைப்பாள். தண்ணீரைக் கண்டால் நேராக அதற்குள் நடப்பாள். ஆழம், கரை என்ற பயமெல்லாம் கிடையாது.

அதனால் நான் ஏரிக்குள் இறங்கும்போது அவள் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் அடித்த முளையில் முடிந்துவிட்டுத்தான் இறங்குவேன். பார்ப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும்போது கிரகணம் பார்த்தாயா என்று கேட்டார்கள். போன பிறவியில் யார் குடியைக் கெடுத்தாய் என்று கேட்டார்கள். மந்திரிக்கச் சொன்னார்கள், மந்திரிக்கவைத்தேன். பொன்னேரிப் பக்கம் ஒருவன் வேப்பிலையால் அடித்துப் பேயை இறக்குவேன் என்றான். அவன் அடித்த மூன்றாவது அடியில் நான் அவளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தூக்கம்தான் பெரிய விஷயம். நாகு தூங்கமாட்டாள். தூங்கினாலும் கொஞ்சநேரம். அவள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்க வேண்டும், கதவில்லாத குடிசையிலிருந்து ஏரி இருபது தப்படிதான். ஒன்பது வருடம் நான் ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

போன தை மாதம் ஒரு காலை, நீரில் இருந்தபடி கரையைத் திரும்பிப் பார்த்தேன். நாகு கயிற்றை அவிழ்க்கப் பார்க்கிறாளோ என்று சந்தேகம். கண் அங்கே இருக்க, கை சேற்றில் துழாவியது. கெளுத்தி மீன் ஒன்று வலது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே முள்ளை ஏற்றிவிட்டது. எங்களுக்கு இது புதிதல்ல. கெளுத்தி முள் குத்தினால் ஒருநாள் கடுக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் அடங்கும். எனக்கு அடங்கவில்லை. முள்ளின் நுனி உள்ளே ஒடிந்திருந்தது.

நான்காம் நாள் இரண்டு விரல்களும் வீங்கிப் பளபளவென்று ஆகின. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. நாகுவின் நைனாவின் தங்கை கெங்கா பக்கத்துக் குடிசையில் இருக்கிறாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் என் கையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அண்ணி, கை கறுத்துகினு வருது. வைத்தியர்கிட்ட போ."

"நாகுவ யாரு பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன் போ. புள்ளய பாக்கறது இன்னா பெரிய வித்தையா? நீ ரொம்ப அவளுக்கு எடங்குடுக்கறே. அதான் ஒன்னயே சுத்துறா."

நான் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் தள்ளினேன். எட்டாம் நாள் மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியது. அன்று மதியம் நான் நாகுவுக்குச் சோறு வைத்தபடியே சாய்ந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். நாகுவின் நைனா என்னைத் தோணியில் கிடத்திப் பழவேற்காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கரையில் நாகு கத்தியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. நான் போவதற்காகவா, மண்சட்டி கவிழ்ந்ததற்காகவா என்று தெரியவில்லை.

ஒல்லாந்தரின் கோட்டைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி அவர்கள் கப்பல் ஆட்களுக்கும் சிப்பாய்களுக்கும் உரியது. எங்களைப்போன்றவர்களைச் சேர்ப்பது வழக்கமில்லை. அங்கே சமையல் செய்யும் மரியாள் என்னிடம் இறால் வாங்குகிறவள். பறங்கி அப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்தவள். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, இரைந்த குரல். வாசலில் காவல்காரன் தடுத்தபோது அவள் கரண்டியோடு ஓடிவந்து, ரண வைத்தியத் துரையைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். ரண வைத்தியர் என்றால் புண்ணை அறுத்து ஆற்றுகிறவர். துரை நரைத்த தாடியும் வியர்வையில் நனைந்த கம்பளிச் சட்டையுமாக நின்று என் கையை முகர்ந்து பார்த்தார். ஆமாம், முகர்ந்துதான் பார்த்தார். அழுகியிருந்தால் வாடை சொல்லிவிடுமாம். பிறகு மரியாளிடம் பறங்கிப் பேச்சில் ஏதோ சொன்னார்.

"உள்ள தூக்கினு வரச் சொல்றாரு," என்றாள்.

ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தில் என்னை வைக்க முடியாது. மருந்து அரைக்கும் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். முதல் நாளே துரை கையைக் கீறிச் சீழை வெளியேற்றினார். ஒரு கிண்ணம் நிறைய வந்தது. ஒடிந்த முள்நுனியும் வந்தது, அரிசிமணி நீளம்கூட இல்லை. அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இவ்வளவு சின்னதா என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்துத் தரச் சொன்னார். அதை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. "காய்ச்சல் ரத்தத்துல எவ்ளோ தூரம் பூந்திருக்குன்னு அதுல தெரியுமாம்," என்றாள் மரியாள். "இன்னா தெரிஞ்சுதாம்?" என்றேன். "மஞ்சளா கீதாம்," என்றாள். காய்ச்சலோடும் சிரித்தேன்.

தினமும் காலையில் கட்டு அவிழ்ப்பதற்குத் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் கப்பலிலிருந்து இறக்கிய ஒல்லாந்துப் பையன்கள் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். மாதக்கணக்கில் கடலில் பச்சைக் காய்கறி இல்லாமல் கிடந்தால் ஈறு அழுகிப் பல் ஆடுமாம். கால் கறுத்து வீங்குமாம். மரியாள் அவர்களுக்கு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து வாயில் ஊற்றுவாள். அவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், நான் அவர்கள் காலைப் பார்ப்பேன். ஒருவருக்கு ஒருவர் பேச மொழி கிடையாது.

இனி நான் சொல்வதைக் காட்டூர்ப் பெண் முகம் சுளிக்காமல் கேட்கவேண்டும்.

அந்தக் கொட்டகையில் நான் தூங்கினேன். மருந்தின் மயக்கமா, காய்ச்சலா, எதுவோ. பட்டப்பகலில் படுத்தால் வெயில் இறங்கும்வரை தூங்கினேன். என் மேல் யார் காலும் இல்லை. யாரும் என் முடியைப் பிடித்து இழுக்கவில்லை. யாரோ எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார்கள், சூடாக இருக்கும்போதே குடித்தேன். மூன்றாம் நாள் உச்சி வேளையில்தான் திடீரென்று உறைத்தது: காலையிலிருந்து நான் நாகுவை ஒருமுறைகூட நினைக்கவில்லை. கை போவதைவிட அது பெரிய வியாதியாக எனக்குப் பட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

மரியாள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். "கை வலிக்குதா?" என்றாள்.

"இல்ல. வலிக்கல. சொகமா கீது. அதான் அழுவறேன்."

அவள் குழவியை நிறுத்தினாள். காய்ச்சல் வாயைத் திறந்துவிட்டதோ, சாகப்போகிறேன் என்ற நினைப்போ, அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள். நாகு அதற்கு முந்தைய மூன்று நாளும் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. அன்று காலை அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். முளையில் முடிச்சுப் போடவில்லை. மறந்துவிடவில்லை. நுனியைக் கையில் வைத்திருந்தேன், முளையைப் பார்த்தேன், கீழே போட்டுவிட்டு நீரில் இறங்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு இறால் துழாவினேன். பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது. அவள் நடந்து வருகிறாள் என்று தெரிந்தது. திரும்பவில்லை. பறியில் பத்து இறால் போட்டிருப்பேன். பிறகு சலசலப்பு நின்றுவிட்டது.

"அப்றம் இன்னா பண்ணே?" என்றாள் மரியாள்.

"பறியத் துப்பிட்டு ஓடுனேன். முங்கி முடியப் புடிச்சுத் தூக்குனேன். தண்ணி குடிச்சிருந்தா. கக்கிட்டு என்னயே பாத்தா. எப்பவும் பாக்காதவ, அன்னிக்குப் பாத்தா."

மரியாள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குழவியை மறுபடி உருட்டத் தொடங்கினாள். உருட்டிக்கொண்டே, "நீ கயித்தப் போட்டத மட்டுமே நெனச்சுகினு கீறே," என்றாள். "ஓடுனதும் நீதானே."

அதைக் கேட்டு என் பாரம் இறங்கிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு ஆளுக்காவது தெரியும் என்பது வேறு மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் கெங்கா வந்தாள். நண்டுக் கூடையைச் சமையல்கட்டில் இறக்கிவிட்டு என் கட்டிலருகே வந்து நின்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முகத்தில் நகக்கீறல். முன்கையில் பல் பதிந்த காயம், ஒன்றல்ல, நாலைந்து.

"அண்ணி," என்றாள். என் காலடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "நாலு நாளா சாப்டல அண்ணி. சட்டிய காட்டுனா தள்ளிடுறா. தூங்கவும் மாட்டேங்கறா. ஊர்ல எந்தப் பொம்பள வந்தாலும் ஓடிப்போய் அவ கையப் புடிச்சுப் பாக்கறா. வெரல எண்ற மாதிரி தடவிட்டு ஒதறிடுறா. நீ எப்டி அண்ணி... ஒம்போது வருசம்..."

அவள் சொன்னதும் எனக்குப் புரிந்தது. நாகு என்னைக் கட்டிப்பிடிக்கமாட்டாள், மடியில் உட்காரமாட்டாள். அவளுக்கு என்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள். நடக்கும்போது அவற்றைத்தான் பிடிப்பாள், கண் செருகும்போதும் அவற்றைத்தான் பிடிப்பாள். வேறு விரலைக் கொடுத்தால் தள்ளிவிட்டு அந்த இரண்டைத் தேடி எடுத்துக்கொள்வாள். ஒன்பது வருடத்தில் அவளாக என்னைத் தேடித் தொட்டது அந்த இடத்தில் மட்டும்தான்.

முள் ஏறியதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அன்று சாயங்காலமே துரை கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மரியாளிடம் நீளமாகப் பேசினார். அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அங்கம்மா, கேளு. ரெண்டு வெரலும் செத்துப்போச்சாம். ரத்தம் ஓடலயாம். செத்த சதைய உட்டு வெச்சா உசுரு இருக்கற சதையயும் அது தின்னும்ங்கறாரு. நாளை மறுநா எடுத்துரணுமாம். உட்டா கையி, அப்புறம் நீயி."

"வேற ரெண்டு வெரல எடுத்துக்கச் சொல்லு."

"இன்னா?"

"தொரெகிட்ட சொல்லு. இந்தக் கையிலயே வேற ரெண்டு எடுத்துக்கட்டும். எடது கையிலயும் எடுத்துக்கட்டும். இந்த ரெண்டு மட்டும் வேணும்."

மரியாள் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். துரை விடவில்லை, நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்டார். வேறு வழியில்லாமல் மரியாள் நாகுவைப்பற்றி எல்லாம் சொன்னாள், கயிற்று விஷயத்தைத் தவிர. அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "பிள்ளையை நாளைக்குக் கொண்டுவரச் சொல்," என்றாராம்.

மறுநாள் நாகுவின் நைனாவும் கெங்காவும் அவளைத் தோணியில் கொண்டுவந்தார்கள். அன்று கப்பல் எதுவும் வராது, பீரங்கிச் சத்தம் இருக்காது என்று மரியாள் காவல்காரனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்து வைத்திருந்தாள். தாழ்வாரத்தில் கிடந்த அந்த ஒல்லாந்துப் பையன்களிடம் என்ன சொன்னாளோ, நாகு உள்ளே நுழைந்தபோது நடக்க முடிந்தவர்கள் மற்றவர்களைத் தாங்கிக்கொண்டு அந்தப்புறம் போய்விட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எங்கள் ஊரில்கூட எங்களுக்கு யாரும் இப்படி வழிவிட்டதில்லை.

நாகு மெலிந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வலது கைக்கு வந்தாள். துரை கட்டைத் தளர்த்திவைத்திருந்தார். அவள் கட்டை விலக்கி, கறுத்து வீங்கிய அந்த இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செத்த விரலில் வலி இராது என்று நினைப்பீர்கள். வேர்ப்பக்கம் உயிரோடுதான் இருந்தது. அவள் இறுக்கியதும் கண்ணுக்குள் நெருப்புப் பிடித்தது. சீழ் அவள் மணிக்கட்டில் வழிந்தது. துரை பதறிப்போய் அவளை விலக்கக் கை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். வாடை அவளுக்குப் பொருட்டாக இல்லை, வீக்கம் பொருட்டாக இல்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்து, விரலை விடாமல், மூச்சு இழைய இழையத் தூங்கிப்போனாள். ஐந்து நாளில் அதுதான் அவள் முதல் தூக்கம். நிழல் சுவர்வரை நீளும்வரை நான் அசையவில்லை. நாகுவின் நைனா என் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் தூங்கும்போது துரை ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்தார். அடுக்கி வைத்திருந்த மருந்துக் குப்பிகளை அவள் போகிறபோக்கில் உயர வரிசையில் மாற்றி வைத்ததைக் கவனித்திருந்தார். மரியாளிடம் மெதுவாகப் பேசினார்.

"இவ மாதிரி ஒருத்தன் அவரு ஊர்ல இருந்தானாம்," என்றாள் அவள். "பேசமாட்டானாம். காத்தாடி சுத்தறத பாத்துகினே நிப்பானாம். மேகத்த பாத்து மழ எப்போ வரும்னு சரியா காட்டுவானாம். இது பேயும் இல்ல, நோயும் இல்லங்கறாரு. பொறப்பே அப்டியாம். இதுக்கு மருந்து கெடையாதாம்."

"நான் பண்ண எதனாலயாவது வந்துச்சான்னு கேளு."

கேட்டாள். அவர் உடனே தலையை ஆட்டினார். இல்லை. எந்த மொழியிலும் எனக்கு அது புரிந்திருக்கும். ஒன்பது வருடமாக அந்த ஒரு தலையாட்டலுக்காகத்தான் எத்தனையோ வாசல்களில் நின்றேன். அதைக் கொடுத்தது எங்கள் சனம் இல்லை, எங்கேயோ கடலுக்கு அப்பால் பிறந்த ஒருவர்.

"அந்தப் பையனோட ஆத்தா இன்னா ஆனா?" என்றேன்.

மரியாள் கேட்டுச் சொல்ல, துரை நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு கையை விரித்தார்.

"தெரியலயாம். அவள பாத்ததா ஞாபகமே இல்லயாம்."

அவன் பார்த்த காற்றாடி நினைவிருக்கிறது, அவன் காட்டிய மேகம் நினைவிருக்கிறது. அவனுக்குச் சோறு ஊட்டியவள் நினைவில்லை. துரைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடலுக்கு அப்பாலும் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது. அவள் எப்போதாவது தூங்கினாளா என்று யாரிடம் கேட்பது?

நாகு தூங்கும்போதே கெங்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாகுவின் நைனா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை சாராயம் குடிக்கக் கொடுத்தார்கள். பல்லுக்கு நடுவே தோல்பட்டை வைத்தார்கள். மரியாள் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்து என் கண்ணைப் பொத்தினாள். அறுக்க அதிகநேரம் ஆகவில்லை. பிறகு இரும்பைக் காய்ச்சி ரத்தத்தை நிறுத்தினார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. அதைப்பற்றி மேலே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சதை மூடப் பதினேழு நாள் ஆனது. காய்ச்சல் ஏறி இறங்கி ஒருவழியாக விட்டது. துரை என்னிடம் எதுவும் வாங்கவில்லை. கிளம்பும் அன்று மரியாள் ஒரு பொட்டலத்தில் காய்ந்த இறாலைக் கட்டிக் கொடுத்தாள். "அவளுக்கு," என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். நாகு குடிசை ஓரத்தில் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். வலது கையை எடுத்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்று தடவினாள். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தடவினாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் இடது கையைக் கொடுத்தேன், தள்ளினாள். மூன்றாம் முறையும் தடவிவிட்டு என் கையைக் கீழே வைத்தாள். உதறவில்லை. பத்திரமாக, வேறு யாருடைய பொருளையோ திருப்பிக் கொடுப்பதுபோல வைத்துவிட்டு, கிளிஞ்சலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப்பிறகு அவள் என்னிடம் வரவில்லை. பங்குனி முழுக்க வரவில்லை, சித்திரையிலும் வரவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்றாள், நான் குளிப்பாட்ட நின்றாள். தேடவில்லை. விரலை எடுத்த பிறகு நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவளை அழவிடாமல் தூக்கித் திரிந்தது அவள் நைனா. அவர் வலது கையின் அந்த இரண்டு விரல்களை அவள் எப்போது எடுத்துக்கொண்டாள் என்று அவருக்கே தெரியவில்லை. தூக்கம் வந்தால் இப்போது அவரிடம்தான் போகிறாள். அவர் பாதி நாள் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். நான் மூன்று விரலோடு இறால் பிடிக்க முடியாமல், மரியாளிடம் மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலைக்குக் காலையில் தோணி ஏறுகிறேன். கெங்கா பகலில் ஒரு பொழுது பார்த்துக்கொள்கிறாள். முன்பு ஒருத்தி செய்ததை மூன்று பேர் செய்கிறோம்.

ஊரில் சிலர் எனக்கு விடிவு வந்துவிட்டது என்கிறார்கள். இருக்கலாம். தூங்குகிறேன். ஆனால் அவள் அவரோடு கரையில் நடந்து போவதைப் பின்னால் இருந்து பார்க்கும்போது, இல்லாத இரண்டு விரல்களும் வலிக்கின்றன. துரையிடம் சொன்னேன். வெட்டிய இடம் அப்படித்தான், இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும் என்றார்.

சில நாளைக்கு முன்பு ஒரு மாலை. மூன்று நாள் தொடர்ந்து நாகு அவரைத் தூங்கவிடவில்லை. கெங்காவுக்கும் உடம்பு சரியில்லை. நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் குடிசைக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, கன்னத்தில் கீறலோடு. உள்ளே நாகு ஒருவழியாகக் கண்ணயர்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கி அவள அடிச்சுட்டேம்மே," என்றார்.

அவர் கன்னத்துக் கீறலில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தேன்.

"இந்த ஒம்போது வருசமும் நீ இப்டித்தான் இருந்தியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்," என்றேன். "தெனமும் சொன்னேன். நீ வல பிரிச்சுகினு இருந்தே."

அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. கயிற்று விஷயத்தை அன்று அவரிடமும் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் உள்ளே மண்சட்டி உருளும் சத்தம் கேட்டது. நாகு விழித்துவிட்டாள்.

இரண்டு பேரும் எழுந்தோம்.